நாய்க்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்

இராஜபாளையம்,
18.9.94, ஞாயிறு.

அன்பு மகள் அருள்செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் எஸ்தரும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். நீ சுகமா என்று இந்தத் தடவை கடிதத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரிந்தாக வேண்டும் என்று கேட்கிறேன். ஏன் என்று பின்னால் வரும். இங்கே மழை இன்னும் இறங்கவில்லை, மலை மேல் கறுத்துக் கறுத்துக் கலைந்து போகிறது, குழாயில் நாலு நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் சாயந்தரம் நடக்கப் போகிறார்கள் என்று இவரும் கிளம்பினார், இப்போது ஒரு துணையும் சேர்ந்திருக்கிறது. அந்தத் துணையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு தடவை படித்தேன். மாமனார் மனம் நொந்து போயிருக்கிறார், போதகர் முன்னால் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், போயும் போயும் ஒரு கிழட்டு நாய்க்காக இரண்டு குடும்பம் பகையாக வேண்டாம், பெண் வீட்டார் பணிந்து போவதுதான் முறை என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து உன்னுடையது. பணிந்து போவதுதான் முறை என்கிற வார்த்தை உன்னுடையது இல்லை. ஆறாம் வகுப்பில் கணக்கு டீச்சர் தப்பாகப் போட்ட கணக்கை எழுந்து நின்று தப்பு என்று சொல்லி, நாள் முழுக்க வெளியே நின்ற பிள்ளை நீ. நீ எழுதும்போது பின்னால் யார் நின்று சொல்லச் சொல்ல எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்தப் பதில் உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான். மாப்பிள்ளை படித்தால் படிக்கட்டும், படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்திருக்கிறது அருளு. இந்த வயதுவரை இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. உங்கள் காதுக்கு வந்தது ஒரு பக்கத்துக் கதை, அதுவும் எஸ்.டி.டி. பூத்தில் நின்று உன் மாமனார் கத்திய கதை. நடந்ததை முதலில் இருந்து சொல்லுகிறேன், பிறகு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜூலை மாதம் முதல் ஞாயிறு, உன் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம். உன் மாமனாருடைய வன்னியம்பட்டித் தோட்டத்தில்தான் சாப்பாடு. நாங்கள் முறைப்படி தட்டு வைத்து, ஆசீர்வாதம் முடிந்து, பிரியாணி சாப்பிட்டோம். கை கழுவுகிற இடத்தில் கூட்டமாக இருந்ததால் நான் மாட்டுக்கொட்டடிக்குப் பின்னால் இருக்கிற தொட்டிக்குப் போனேன். போகும்போதே வாடை. செத்தது எதுவோ கிடக்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் உயிரோடு ஒரு நாய், நம்மூர் வெள்ளை ஜாதி நாய்தான், தென்னங்கயிற்றில் முளைக்குச்சியோடு கட்டிப் போட்டிருந்தது. வெள்ளை என்று நான்தான் சொல்லுகிறேன், அன்றைக்கு அது நிறமே இல்லாமல் கிடந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணலாம், ஆனால் வயிறு மட்டும் உப்பி நின்றது. காம்புகள் தரையில் புரண்டு புண்ணாகி இருந்தன. பின்பக்கம் சீழும் ரத்தமுமாக வடிந்து அதன் மேல் ஈ. நான் கை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் ஓடியதைப் பார்த்து இழுத்து இழுத்து வந்து அதைக் குடித்தது. குடித்த தண்ணீர் முழுவதையும் அந்த இடத்திலேயே கக்கியது. மறுபடியும் குடித்தது.

அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தோட்டத்து ஆள் வெள்ளைத்தாயிடம் இது என்ன என்று கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஐயாவோட பெரிய பொட்டைம்மா. எத்தனை ஈத்து போட்டுச்சுன்னு எனக்கே கணக்கு தெரியாது. பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் ரயில்ல போகுதே குட்டியெல்லாம், அம்புட்டும் இது வயித்துல பொறந்ததுதான். போன தடவை எல்லாம் செத்தே பொறந்துச்சு. பொறவு இப்படி ஆயிப் போச்சு. நாளைக்குக் கண்மாய்க்கு அங்கிட்டு விட்டுட்டு வரச் சொல்லிருக்காக" என்றாள். சொல்லும்போது அவள் கண்ணைத் துடைத்தாள், சோப்புக் கையோடு துடைத்ததால் இன்னும் எரிந்தது அவளுக்கு.

நான் நேராகப் பந்திக்குப் போய் உன் மாமனாரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அண்ணாச்சி, அந்த நாயை ஆஸ்பத்திரியில் காட்டக் கூடாதா என்றேன். அவர் சிரித்தார். "அது முடிஞ்சு போச்சு தங்கச்சி. இனி அதுக்கு மருந்து ஊத்தி என்ன செய்ய?" என்றார். அப்படியானால் நான் கொண்டு போகிறேன், கொஞ்சம் தேறும் வரைக்கும் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். "தாராளமா கொண்டு போங்க. நாலு நாள் தாங்குனா பெரிசு. செத்தா அங்கனயே பொதைச்சிருங்க, திருப்பி இங்க தூக்கிட்டு வந்துராதீக" என்று சொல்லி எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். போதகர் கையில் பாயசக் கிளாஸ் இருந்தது, அவரும் சிரித்தார். இதை மறக்காமல் மாப்பிள்ளையிடம் சொல். அத்தனை பேர் முன்னால் அவர் வாயால் கொடுத்தது. நான் திருடிக்கொண்டு வரவில்லை.

பந்தல் சாமான் ஏற்றிவந்த டெம்போ இராஜபாளையத்துக்குத் திரும்பியது, அதில் நாற்காலிகளுக்கு நடுவே ஒரு சாக்கை விரித்து அதைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போய் நாற்ற நாயைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் ஊரில் நான் ஒருத்திதான் என்பது அப்பாவின் எண்ணம். வீட்டுக்கு வந்ததும், "இது வீடா ஆஸ்பத்திரியாட்டி? ரெண்டு நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட இது இங்க கெடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, பெண்ணைக் கொடுத்த இடம் என்றால் எதிரே நிமிர்ந்து நின்றுகூடப் பேச மாட்டார்.

மறுநாள் இங்கே மாட்டாஸ்பத்திரி டாக்டர் லீவில் இருந்தார். ஆட்டோ பிடித்துத் திருவில்லிபுத்தூருக்குக் கொண்டு போனோம். அங்கே பொன்னுராஜ் என்று ஒரு டாக்டர், சின்ன வயசுதான், கிராப்பு கலைந்து, முழங்கை வரைக்கும் சாணியோடு நின்றார். ஒரு பசுவைப் பார்த்து முடித்துவிட்டு வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், வயது பத்துக்கு மேல் என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கர்ப்பப்பை முழுக்கச் சீழ்ம்மா. ஓய்வே குடுக்காம ஈத்து மேல ஈத்து எடுத்தா இப்படித்தான் ஆகும். அறுத்து எடுத்தாத்தான் பிழைக்கும். ஆனா மயக்க மருந்தையே தாங்குமான்னு எனக்குத் தெரியல. நான் மாட்டு வைத்தியம் பாக்கிறவன், இந்த ஆபரேஷன் இதுவரைக்கும் ரெண்டு நாய்க்குத்தான் பண்ணிருக்கேன். ஒண்ணு பிழைச்சது, ஒண்ணு பிழைக்கல" என்றார். மறைக்காமல் சொன்னார் பார், அதற்காகவே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. மூன்று நாள் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றிக் கொஞ்சம் தெம்பாக்கி வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. மூன்று நாளும் ஆட்டோவில் போய்ப் போய் வந்தோம். வேப்பமரத்துக் கிளையில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார்கள், காற்றில் ஆடியது. அதனால் அப்பா எழுந்து போய்ப் பாட்டிலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் போய் நின்றார்.

ஆபரேஷன் அன்றைக்கு அப்பா டீக்கடையில் இருப்பதாகத்தான் பேச்சு, ஆனால் வாசலிலேயே நின்றார். உள்ளே கம்பவுண்டர் பால்சாமி ஒருவர்தான் இருந்தார், கை போதவில்லை. டாக்டர் வெளியே எட்டிப் பார்த்து, "ஐயா, வந்து பின்னங்கால் ரெண்டையும் பிடிங்க" என்றார். அப்பா போனார், கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் உள்ளேதான் இருந்தேன். என்ன எடுத்தார்கள் என்று உனக்கு எழுத வேண்டுமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சைக்கிள் ட்யூப்புக்குக் காற்றடித்த மாதிரி வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. தட்டில் வைத்தபோது கம்பவுண்டர் கை ஒரு பக்கம் தாழ்ந்தது. பிறந்த பிள்ளையின் எடை இருக்கும் அருளு. அதைச் சுமந்துகொண்டுதான் அது வாய்க்கால் தண்ணீரைக் குடிக்க இழுத்து இழுத்து வந்தது. டாக்டர் தையல் போட்டுக்கொண்டே யாரையோ திட்டினார், யாரை என்று பெயர் சொல்லவில்லை. பெயர் எங்களுக்குத் தெரிந்ததுதானே, அப்பாவும் நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிழைத்துவிட்டது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த இரண்டு மாதம் நாங்கள் பட்டது ஒரு வரி இல்லை. பேண்டேஜ் கம்பெனியில் லீவு போட்டேன். ஒரே பக்கமாகப் படுத்து இடுப்பெலும்பில் புண் வந்தது, அதனால் மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். கஞ்சி வைத்தால் முகத்தைத் திருப்பியது, ஈரல் வேகவைத்த தண்ணீரைக் கரண்டியால் கடைவாயில் விட்டால் பாதி உள்ளே, பாதி என் மடியில். ஏழாம் நாள் நான் அடுப்படியில் இருந்த நேரத்தில் தையலை நக்கி நக்கி இரண்டு கண்ணி பிரிந்து புண் வாயைத் திறந்துகொண்டது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடி தையல் பிடிக்காது, உள்ளிருந்துதான் ஆறி வர வேண்டும், இரண்டு வேளையும் உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நக்காமல் இருக்க அப்பாவுடைய பனியனை வெட்டி மாட்டினேன். புதுப் பனியன் என்று ஒரு சத்தம் போட்டார், பிறகு அடுத்த பனியனை அவரே எடுத்துக் கொடுத்தார். கட்டுத்துணிக்கு நம் கம்பெனியில் ஓரம் சரியில்லை என்று கழித்துப் போட்ட காஸ் துணியை முதலாளியிடம் சொல்லிவிட்டே வாங்கி வந்தேன், வீட்டில் வைத்துக் கொதிக்கவைத்துக் காயப்போட்டேன். என்னோடு மடிப்பு வேலை பார்க்கிற செல்லக்கனி ஒருநாள் பார்க்க வந்தவள், நான் கட்டுப் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருபது வருசமா மடிச்சு மடிச்சு அனுப்புதோம் அக்கா. அது ஒரு உசுரு மேல சுத்துறதை இன்னைக்குத்தான் கண்ணால பாக்கேன்" என்றாள். பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மா தெலுங்கும் தமிழுமாகத் திட்டிக்கொண்டே தினமும் தயிர்சாதம் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக இதே நாய்தான். "கிழடானா கடேசி வரைக்கும் சோறு வெச்சு, செத்தா கொல்லையிலே பொதைச்சு அழுவோம்மா. இப்படி எவனாச்சும் செய்வானா?" என்று கேட்டார். அது யார் வீட்டு நாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அதற்குக் காது கேட்காது என்பதே எங்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. குண்டான் மூடி அதன் தலைமாட்டில் விழுந்தது, திரும்பவே இல்லை. இந்த ஜாதியில் சிலதுக்குப் பிறவியிலேயே அப்படி இருக்குமாம். அன்றையிலிருந்து பக்கத்தில் போகும்போது தரையில் காலைத் தட்டிவிட்டுப் போகிறோம், அந்த அதிர்வில் தெரிந்துகொள்ளும். அப்பா மட்டும் வெள்ளச்சி, வெள்ளச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்றேன். "கேக்காதுன்னா கூப்பிடக் கூடாதாட்டி?" என்றார். இரண்டு நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது என்று சொன்ன மனுஷன்தான். ஆகஸ்ட் மாதம் நடுவில் ஒருநாள் அவர் தட்டில் இருந்த நெத்திலிக் கருவாட்டை அது எழுந்து வந்து எடுத்துக்கொண்டது. எழுந்து, நாலு காலில் நடந்து வந்து எடுத்தது. அப்பா தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு அழுதார். நான் பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதுவரைக்கும் உன் மாமனார் வீட்டில் இருந்து அது செத்ததா இருக்கிறதா என்று ஒரு குரல் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் அவருடைய ஆள் தவசிமுத்து வந்தான். நாய் தேறிவிட்டதாகக் கேள்விப்பட்டார்களாம், பெங்களூர்க்காரர் ஒருவர் அதன் குட்டி ஒன்றைப் போட்டியில் நிறுத்திப் பரிசு வாங்கினாராம், அதே தாயின் குட்டிதான் வேண்டும் என்று கேட்கிறாராம். "இன்னும் ஒரே ஒரு ஈத்து எடுத்துட்டுத் திருப்பி உங்ககிட்டயே விட்டுருதோம்னு ஐயா சொல்லச் சொன்னாக" என்றான். நான் அவனிடம், அதற்குக் கர்ப்பப்பையே இல்லை, எடுத்தாகிவிட்டது என்று போய்ச் சொல்லு என்றேன். அவன் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்த மாதிரி இருந்தது, அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

செப்டம்பர் மூன்றாம் தேதி சனிக்கிழமை காலையில் உன் மாமனாரே அம்பாசிடரில் வந்து இறங்கினார். உள்ளே வாருங்கள் அண்ணாச்சி என்றேன், வரவில்லை. வாசலில் நின்றே, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி அறுத்தீக? பத்து வருசமா பாத்துப் பாத்துச் சேத்த வம்சம் அது" என்றார். நீங்கள்தானே கொடுத்தீர்கள், நாலு நாள் தாங்காது என்று சொன்னீர்களே என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சாகத்தான் குடுத்தேன், அறுக்கவா குடுத்தேன்?" என்றார். இதற்குத்தான் போதகர் முன்னால் நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? அவர் சத்தம் வெள்ளச்சிக்குக் கேட்டிருக்காது. ஆனால் காற்றில் வாடை பிடித்துவிட்டது. நடையில் படுத்திருந்தது எழுந்து, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, அப்பாவின் கட்டிலுக்கு அடியில் நுழைந்து அங்கேயே மூத்திரம் போய்விட்டது. இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட அது அப்படிச் செய்ததில்லை. அவரை மனம் நொந்தவர் என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கட்டிலுக்கடியில் நீ குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

அதோடு போயிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். போகவில்லை. "பொட்டைன்னா ஈனத்தான் வேணும். ஈனாத பொட்டைக்குச் சோறு போடுறது உங்க வீட்டுப் பழக்கம். உங்க மகளும் அப்படித்தான, ரெண்டு பொட்டையைப் பெத்துட்டு, ரெண்டு தரம் கலைஞ்சு போச்சு, இனிமே பெத்தா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லுதாகன்னு ஒப்பாரி வைக்கா. ஒரு ஆம்பளைப் பிள்ளையைப் பெத்துக் குடுத்துட்டுப் பொறவு என்னமும் செஞ்சுக்கட்டும்னு எம் மகங்கிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

தெருவில் வைத்துச் சொன்னார். ராஜு வீட்டம்மா கோலப்பொடியோடு நின்றார், எதிர்வீட்டு மாரிச்சாமி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். என் மகளுக்கு இரண்டு தடவை கலைந்ததை, என் மகள் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதை, நான் தெருவில் நின்று தெரிந்துகொண்டேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் உன் அப்பா படியிறங்கினார். உனக்குக் கல்யாணமான இந்த எட்டு வருஷத்தில் அவர் உன் மாமனார் முன்னால் துண்டைத் தோளில் போட்டு நான் பார்த்ததில்லை. துண்டு தோளில்தான் இருந்தது. காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மச்சான், ஏறுங்க" என்றார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "எம் பிள்ளையைப் பத்தி இன்னொரு வார்த்தை வரக் கூடாது. ஏறுங்க" என்றார். சத்தம் போடவில்லை. கதவைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. உன் மாமனார் ஏறிப் போய்விட்டார். மனம் நொந்தது அதற்குத்தான், நாய்க்கு இல்லை. அப்பா உள்ளே வந்து கட்டிலுக்கடியைத் துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தரையிலேயே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர், நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் அம்மா என்றார். பாயசத்தோடு நீங்களும் சிரித்தீர்களே ஐயா என்றேன்.

இப்போது உன்னைக் கேட்கிறேன். எதற்காக என்னிடம் மறைத்தாய்? போன கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று எழுதினாய். ஈஸ்டருக்கு மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். படுக்கையில் கிடந்துகொண்டுதான் அந்தக் கடிதங்களை எழுதினாயா? உனக்கு யார் கஞ்சி வைத்துக் கொடுத்தது? பெற்றவள் நான் உயிரோடு இருக்க, மாமனாருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அம்மா கவலைப்படுவாள் என்று மறைத்தேன் என்று எழுதாதே, கவலைப்படுவதற்குத்தான் நான் இருக்கிறேன். உன் மேல் கோபம், மாப்பிள்ளை மேல் அதைவிடக் கோபம், பாதிக் கோபம் என் மேல்தான். தோட்டத்தையும் காரையும் சபையில் அவருக்கு இருக்கிற மரியாதையையும் பார்த்துத்தானே உன்னை அங்கே கொடுத்தேன். அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு தடவையாவது மாட்டுக்கொட்டடிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேனா? நாய் நாய்தான், மனுஷி மனுஷிதான், இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒன்றாக்கிப் பேசியவர் உன் மாமனார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், முடியாத ஒரு உடம்பை இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டால் அது என்ன ஆகும் என்று திருவில்லிபுத்தூரில் தட்டில் வைத்துப் பார்த்தேன். என் மகளுக்கு அது நடக்க விட மாட்டேன்.

உன் கடிதத்தின் கடைசியில் உடம்பு கொஞ்சம் அசதி, வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாய். நேராகக் கேட்கிறேன், இப்போது உண்டாகி இருக்கிறாயா? இருந்தாலும் இல்லை என்றாலும் நான் வருகிறேன். அடுத்த ஞாயிறு இங்கிருந்து கிளம்பி மதுரை போய், மெட்ராஸில் ரயில் மாறி, பிலாய்க்குப் பக்கத்துத் துர்க் ஸ்டேஷனில் புதன்கிழமை இறங்குகிறேன். மாப்பிள்ளை வந்து கூட்டிப் போனால் நல்லது. வரவில்லை என்றால் விலாசம் என் கையில் இருக்கிறது, ஹிந்தி தெரியாவிட்டாலும் வந்து சேருவேன். அந்த டாக்டரம்மாவை நான் பார்க்க வேண்டும், மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயால் கேட்க வேண்டும். மாப்பிள்ளை கெட்ட மனுஷன் இல்லை என்று எனக்குத் தெரியும், தன் அப்பா சொல்லைத் தட்டத் தெரியாதவர். தெரியாது என்றால் இனிமேல் தெரிந்துகொள்ளட்டும், அதற்காக நீ சாக முடியாது. உனக்கு நல்லபடியாகும் வரைக்கும் அங்கே இருப்பேன். ஊருக்கு வந்து தேற வேண்டும் என்று டாக்டர் சொன்னால் உன்னையும் பிள்ளைகளையும் கையோடு கூட்டி வருவேன். நம் வீடு சின்னதுதான், ஒரு நாய்க்கு இடம் இருந்த வீட்டில் மூன்று பேருக்கு இடம் இருக்காதா? மன்னிப்பு என்ற பேச்சை இனி யாரும் எடுக்க வேண்டாம். யார் எடுத்தாலும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, பால் குடித்த உடனே போடாதே. தண்ணீர்க் குடத்தை நீ தூக்காதே, எத்தனை பேர் வீட்டில் இருந்தாலும் நீதான் தூக்குவாய் என்று தெரியும், தூக்காதே. எஸ்தருக்கும் சின்னவளுக்கும் என் முத்தம். ஆச்சி வரும்போது பால்கோவா கொண்டுவருவாள் என்று சொல். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கையில் கொடுக்கப் பயமாக இருந்தால் மேசை மேல் விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போ. கர்த்தர் உன்னையும் உன் இரண்டு பெண்பிள்ளைகளையும் தம் செட்டைகளால் மூடிக் காக்கட்டும். பெண்பிள்ளைகள் என்பதற்குக் கீழே இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன்னைப் பெற்ற
எ. அன்னாள்

அருளுக்கு அப்பா எழுதுவது. அம்மா திரும்பி வரும் வரை வெள்ளச்சியை நான் பார்த்துக்கொள்வேன், மருந்து கொடுக்கத் தெரியும், கட்டுப் போடவும் தெரியும். அம்மா இதைக் கோபத்தில் எழுதியிருக்கிறாள். நான் முழுவதும் படித்துப் பார்த்தேன். அடித்துத் திருத்த வேண்டிய வார்த்தை ஒன்றுகூட இல்லை.
எலியேசர்